ஃபிளாஷிலிருந்து மீண்ட ஈஃபைலிங்: டர்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

இணையவழி வரிக்கணக்கு சமர்ப்பிப்பதற்கான தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவையின் ஈஃபைலிங் தளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், கட்டிய வரி எத்தனை விரைவில் திரும்பக் கிடைத்தது என்பதைக் கொண்டே அதை மதிப்பிடுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓய்வூதியர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் வரிக்கணக்கு எழுதிக் கொடுத்துவரும் எனக்கு அதைவிட முதன்மையாகத் தோன்றுவது வேறு. ஒரு குடிமகன் தன்னிடம் இருக்கும் கருவியைக் கொண்டே, தனியொரு நிறுவனத்தின் தயவை எதிர்பாராமல், வரிப்படிவத்தைத் திறக்க முடிகிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். இன்று முடிகிறது. ஆனால் இந்த நிலைக்கு வருவதற்குள் இத்தளம், வலைச் செயலிகளை எந்தத் தரத்தில் எழுதுவது என்று மென்பொருள் நிறுவனங்கள் பல ஆண்டுகள் நடத்திய போட்டிக்குள் சிக்கி, அதில் அடிபட்டு, மீண்டு வந்திருக்கிறது. அந்தப் போட்டியைத் தெரிந்துகொண்டால்தான் இதன் நிறையும் குறையும் விளங்கும்.

முதலில் தளத்தையே பார்ப்போம். ஜூலையில் வரிப்பருவம் தொடங்கியதும் தனிநபர் படிவமான ஐடிஆர்12-ஐத் திறந்தால், வேலை கொடுத்தவரும் ஓய்வூதிய நிதியும் வங்கியும் மருத்துவத் திட்டமும் அனுப்பிய விவரங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கின்றன. தொடக்கத்தில் வரும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று விடையளிக்க அளிக்க, நமக்குத் தேவையான பகுதிகள் மட்டும் படிவத்தில் சேர்கின்றன. வாடகை வருமானம் இல்லை என்று சொன்னால் அந்தப் பக்கமே வருவதில்லை. எண்பது வயதை நெருங்கும் ஆயா ஒருவர் சென்ற பருவத்தில் என் அருகில் அமர்ந்து, பேரனுடைய டேப்லட்டில் எழுத்துகளை விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியையும் தாமே படித்துக்கொண்டு வந்தார். "3603 என்று போட்டிருக்கே தம்பி, அது என்ன?" என்று கேட்டார். "அதுதான் உங்கள் பென்ஷன், ஆயா" என்றேன். அவர் அதோடு விடவில்லை. கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த சான்றிதழை எடுத்து விரித்து, அதே எண்ணுக்கு நேரே அச்சிடப்பட்டிருந்த தொகையைத் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே "சரி, அனுப்பு" என்றார். சமர்ப்பிப்பதற்கு முன்பே கணக்கிடும் பொத்தானை அழுத்தி, கட்ட வேண்டியது எவ்வளவு அல்லது திரும்ப வரவேண்டியது எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்பதும், பாதியில் சேமித்துவிட்டு வேறொரு கருவியில் தொடரலாம் என்பதும் வயதானவர்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பேருதவி.

அந்த டேப்லட்டில் பழைய ஈஃபைலிங் படிவம் திறந்திருக்காது. பழைய படிவங்கள் அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் நுட்பத்தில் எழுதப்பட்டவை. ஃபிளாஷ் என்பது உலாவிக்குள் தனியாக நிறுவ வேண்டிய ஒரு செருகுநிரல். படிவம் வலைப்பக்கத்தில் தெரிந்தாலும், உண்மையில் அது உலாவியின் கண்ணுக்குப் புலப்படாத மூடிய பெட்டிக்குள் இயங்கியது. அதனால் உலாவி தரும் வசதிகள் பலவும் அந்தப் பெட்டியின் வாசலிலேயே நின்றுவிட்டன: எழுத்தைத் தேடுவது, பக்கத்தை மொழிபெயர்ப்பது போன்றவை அங்கே செல்லுபடியாகவில்லை. பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளும், உருவாக்குகிறவர் அதற்கென்று தனியே உழைத்திருந்தாலொழிய, உள்ளே நுழைய முடியவில்லை.

இருந்தாலும், அன்று ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்வது எளிது என்பதற்காகவே குறை சொல்லிவிடக் கூடாது. போட்டி உலாவியான நெட்ஸ்கேப்பை வீழ்த்திய மைக்ரோசாஃப்ட் 2001-இல் தன் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ வெளியிட்டது. அடுத்த பதிப்பு 2006-இல்தான் வந்தது. உலகில் பெரும்பாலானோர் பயன்படுத்திய உலாவி ஐந்து ஆண்டுகள் அப்படியே தேங்கி நின்றபோது, வலைப்பக்கத்தில் காணொளி ஓட்டவோ, படம் வரையவோ, உள்ளிட்ட எண்களை உடனுக்குடன் சரிபார்க்கும் சிக்கலான படிவம் அமைக்கவோ சொந்த வழி போதாமல் இருந்தது. மேக்ரோமீடியா வளர்த்து, 2005-இல் அதை விலைக்கு வாங்கிய அடோபியின் கைக்கு வந்த ஃபிளாஷ் அந்த இடத்தை நிரப்பியது. எல்லாக் கணினிகளிலும் ஒரே தோற்றம், படிவத்துக்குள்ளேயே கணக்கு, உலாவிக்கு உலாவி தனித்தனியாகச் சோதிக்க வேண்டாத நிம்மதி ஆகியவை ஒரு வரித்துறைக்கு உண்மையான நன்மைகள்.

வலையின் சொந்த மொழியையே வளர்க்க வேண்டும் என்று சொன்னவர்களும் அப்போதே இருந்தார்கள். 2004-இல் உலாவி உருவாக்கும் மொசில்லாவும் ஓபராவும், வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியைச் செயலிகள் எழுதுவதற்கு ஏற்றபடி விரிவாக்க வேண்டும் என்று வலைத் தரங்களின் தலைமை அமைப்பான டபிள்யூ3சி-யிடம் முன்மொழிந்தன. அந்த அமைப்பு எக்ஸ்எச்டிஎம்எல் என்ற வேறொரு பாதையில் நம்பிக்கை வைத்திருந்ததால் அதை ஏற்கவில்லை. மறுக்கப்பட்டவர்கள் ஆப்பிளையும் சேர்த்துக்கொண்டு தனிக் குழு அமைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். 2007-இல் டபிள்யூ3சி அந்த வேலையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. 2009-இல் எக்ஸ்எச்டிஎம்எல் 2-ஐக் கைவிட்டது. அந்த உழைப்பின் விளைவான எச்டிஎம்எல்5 முறையான பரிந்துரையாக வெளிவந்தது 2014 அக்டோபரில். பத்தாண்டு உழைப்பு அது.

அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் போட்டி உச்சத்துக்குச் சென்றது. 2007-இல் மைக்ரோசாஃப்ட், ஃபிளாஷைப் போன்ற செருகுநிரலான சில்வர்லைட்டைக் களமிறக்கி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவின் என்பிசி வலையில் ஒளிபரப்ப அதையே பயன்படுத்தும்படி செய்தது. சன் நிறுவனம் அதே நோக்கத்துக்கு ஜாவாஎஃப்எக்ஸைக் கொண்டுவந்தது. அடோபி, ஃபிளாஷில் எழுதியதை உலாவிக்கு வெளியிலும் ஓட்டுவதற்காக ஏர் என்ற தளத்தை வெளியிட்டது. மூன்றும் நிரலர்களிடம் சொன்னது ஒன்றுதான்: எங்கள் கருவியில் எழுதுங்கள், எல்லா இடத்திலும் ஓடும். எழுதுகிறவன் ஒரு கருவிக்குப் பழகிவிட்டால் பயனரும் அதன் பின்னாலேயே வந்தாக வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடலில், ஐபோனிலும் ஐபேடிலும் ஃபிளாஷுக்கு இடமில்லை என்பதற்கு அதன் மூடிய தன்மை, பாதுகாப்புக் குறைபாடு, மின்கல விரயம், தொடுதிரைக்குப் பொருந்தாமை ஆகிய காரணங்களை அடுக்கினார். அடோபி செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து மறுத்தது. ஜாப்ஸ் சொன்ன காரணங்கள் சரியானவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் வெளியார் தளம் எதுவும் தன் கருவிகளில் வேரூன்றக் கூடாது என்ற வணிக நோக்கமும் ஆப்பிளுக்கு இருந்தது. தேடலிலும் விளம்பரத்திலும் வாழும் கூகுளுக்குத் திறந்த வலை லாபம். விண்டோஸை விற்கும் மைக்ரோசாஃப்டுக்கு அது நட்டம். ஒவ்வொருவரும் தத்தம் கல்லாவைப் பார்த்தே தரத்தைப் பற்றிப் பேசினார்கள். நல்வாய்ப்பாக, எவர் ஒருவரும் முழுதாக வெல்லாததால் பொதுவான தரம் பிழைத்தது.

2011 நவம்பரில் கைப்பேசிகளுக்கான ஃபிளாஷை மேற்கொண்டு உருவாக்கப்போவதில்லை என்று அடோபி அறிவித்தது. 2017 ஜூலையில், 2020 முடிவோடு ஃபிளாஷையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மூன்றரை ஆண்டு அவகாசம். 2021 ஜனவரி 12 முதல், ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த ஃபிளாஷும் எதையும் இயக்க மறுக்கும்படி செய்யப்பட்டது.

ஈஃபைலிங்கில் அதிகம் பயன்படும் படிவங்கள் பெரும்பாலும் அதற்குள் எச்டிஎம்எல்5-க்கு மாறிவிட்டன. சில படிவங்கள் மட்டும் மாறாமல் நின்றுபோயின. அந்தச் சிலவற்றுக்காக வருவாய்ச் சேவை ஜனவரி இறுதியில் எடுத்த முடிவு உலகம் முழுவதும் தொழில்நுட்பச் செய்திகளில் இடம்பெற்றது. ஃபிளாஷை இன்னும் இயக்கக்கூடிய தனி உலாவி ஒன்றைத் தானே வெளியிட்டு, அந்தப் படிவங்களைத் திறக்க அதை இறக்கி நிறுவிக்கொள்ளுமாறு வரிசெலுத்துவோரைக் கேட்டுக்கொண்டது. வருவாய்ச் சேவையின் தளத்தைத் தவிர வேறெதையும் அந்த உலாவி திறக்காது. விண்டோஸில் மட்டுமே அது இயங்கியது.

அந்த உலாவியையும் ஒரு தயாரிப்பாகவே எடைபோட வேண்டும். பொதுவலையில் உலவ விடாமல் ஒரே தளத்துக்குள் அடைத்து வைத்ததால், கைவிடப்பட்ட ஒரு செருகுநிரலை இயக்குவதன் ஆபத்து பெருமளவு குறைந்தது. இதை அமைத்தவர்கள் சிந்தித்தே அமைத்திருக்கிறார்கள். கெடுவுக்குள் படிவம் கொடுக்க வேண்டியவருக்கு அன்றைய தேதியில் ஒரு வழியும் கிடைத்தது. ஆயினும் மேக் வைத்திருந்தவரும் லினக்ஸ் வைத்திருந்தவரும், வீட்டில் கைப்பேசியைத் தவிர வேறு கருவியே இல்லாதவரும் அந்த வழியில் சேரவில்லை. சாட்ஸ்வொர்த்திலும் டர்பனின் மற்றொரு பகுதியான ஃபீனிக்ஸிலும் இந்த மூன்றாம் வகையினரே மிகுதி. மென்பொருளைக் கண்ட இடத்திலிருந்து இறக்கி நிறுவாதீர்கள் என்று முதியவர்களுக்கு மோசடிகளைப் பற்றி ஓயாமல் எச்சரிக்கும் காலத்தில், வரி கட்டுவதற்கு ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வது அந்த எச்சரிக்கையின் வலுவைக் குறைக்கிறது. வரி என்பது விரும்பினால் செய்கிற காரியமன்று. சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரு கடமையை நிறைவேற்ற, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் இயங்குதளத்தை வைத்திருக்க வேண்டும் என்று சில வாரங்களுக்குக்கூட நிபந்தனை வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இந்த நாடு திறந்த தரங்களின் அருமையை அறியாத நாடாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது. 2007-இல் தென்னாப்பிரிக்க அமைச்சரவை திறமூல மென்பொருள் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. அலுவலக ஆவணங்களுக்கு மைக்ரோசாஃப்ட் முன்வைத்த ஓஓஎக்ஸ்எம்எல் வடிவத்தை உலகத் தர அமைப்பு 2008-இல் விரைவு முறையில் ஏற்றபோது, பிரேசில், இந்தியா, வெனிசுவேலா ஆகிய நாடுகளோடு சேர்ந்து முறையீடு செய்தது தென்னாப்பிரிக்கா. முறையீடு தள்ளுபடியானது, ஆனால் ஒரு நிறுவனத்தின் வடிவத்தில் மக்களின் ஆவணங்கள் பூட்டப்படக் கூடாது என்ற வாதத்தை உலக அரங்கில் எழுந்து நின்று சொன்ன அரசு இது. அதே அரசின் வரிப்படிவங்கள் மட்டும் வேறொரு நிறுவனத்தின் செருகுநிரலுக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. ஆவணத்துக்கு ஒரு நீதி, படிவத்துக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது.

இது அரசுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நான் கணக்குப் பார்க்கும் ஈமச்சடங்கு உதவிச் சங்கம் ஒன்று, உறுப்பினர் பதிவேட்டையும் மாதச் சந்தாவையும் சில்வர்லைட்டில் எழுதித் தரும்படி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. 2015-இல் குரோம் உலாவி பழைய வகைச் செருகுநிரல்களை முற்றிலும் நீக்கியது. 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நீக்கியது. அதற்குப் பிறகு சங்கத்தின் பதிவேடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருக்கும் ஒரே ஒரு மேசைக் கணினியில்தான் திறந்தது. ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்து, சவப்பெட்டிக்கும் வண்டிக்கும் பணம் கேட்டுச் சனிக்கிழமை காலையில் தொலைபேசி வந்தால், அந்தக் குடும்பத்தின் சந்தா நிலுவை இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் செயலாளர் பூட்டிய அலுவலகத்தைத் திறந்து அந்தக் கணினியை உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்களிடம் கேட்டால், புதிதாக எழுதத்தான் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். சில்வர்லைட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது. தரம் தேர்ந்தெடுக்கும் மேசையில் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. செலவு மட்டும் அவர்களுடைய சந்தாவிலிருந்து போனது.

இப்போதைய ஈஃபைலிங்குக்குத் திரும்புகிறேன். எச்டிஎம்எல்5-க்கு மாறியதன் பயன் திரையின் அழகில் இல்லை. படிவத்தின் எழுத்து உண்மையான எழுத்தாக உலாவிக்குத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. தமிழர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, ஆட்சி மொழிகளுக்கு அப்பால் மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வரிப்படிவம் தமிழில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வருவாய்ச் சேவையின் வழிகாட்டிப் பக்கங்கள் திறந்த எழுத்தாக இருப்பதால், உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு தமிழில் ஓரளவு படித்துப் பொருள் அறிய முடிகிறது. வரிச்சொற்களை அந்த இயந்திரம் அடிக்கடி பிறழ மொழிபெயர்க்கிறது என்பதால், தொகையையும் குறியீட்டு எண்ணையும் ஆங்கிலப் பக்கத்திலேயே சரிபார்ப்பது நல்லது. இருந்தாலும், ஆங்கிலம் பேசத் தெரிந்தும் அரசு ஆங்கிலத்தைப் படித்துக் கலங்கும் நம் பெரியவர்களுக்கு இந்த வசதி ஒரு துணை.

வலைத்தளத்தோடு ஒரு கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. வருவாய்ச் சேவையே தன்னிடமுள்ள விவரங்களைக் கொண்டு தானியங்கியாக வரி மதிப்பீடு செய்து அனுப்பி, அதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லாத ஊதியக்காரருக்கு அந்தச் செயலி போதும். கடை வருமானம், வாடகை, பல சான்றிதழ்கள் என்று இருப்பவர்கள் வலைத்தளத்தையே பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். செயலியா, தளமா என்ற இந்தக் கேள்விக்குள்ளும் பழைய போட்டியின் புதிய வடிவம் ஒளிந்திருக்கிறது. வலைத்தளத்தையே கைப்பேசியின் முகப்பில் செயலியைப் போல் வைத்துக்கொள்ளும் முறையைக் கூகுள் முன்னெடுக்க, ஆப்பிள் நெடுங்காலம் தயங்கியது. அத்தகைய வலைச் செயலிகள் ஐபோனில் அறிவிப்பு அனுப்புவதற்கு 2023 மார்ச்சில்தான் வழி பிறந்தது. 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வலைத்தளத்தைச் செயலியைப் போல் முகப்பில் வைக்கும் வசதியையே நீக்கப்போவதாக அறிவித்த ஆப்பிள், எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் தொடக்கத்தில் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. மறுபுறம், 2020-இல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும், கூகுளின் குரோமுக்கு அடித்தளமான குரோமியத்துக்கு மாறியதால், தரம் என்று ஏட்டில் எழுதியிருப்பதைவிடக் கூகுளின் உலாவியில் ஓடுவதே தரம் என்று நிரலர்கள் கருதத் தொடங்கும் அபாயம் இருக்கிறது. எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் வங்கித்தளம் ஒன்று இப்போதே குரோமில் மட்டும் திறக்கச் சொல்கிறது. எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கச் சொன்ன காலத்தை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் இது நல்ல அறிகுறியாகத் தெரியாது.

கூடிப் பேசினால் போட்டியாளர்களும் ஒரு முடிவுக்கு வர முடியும் என்பதற்கு வெப்அசெம்பிளி சான்று. உலாவிக்குள் கனமான நிரல்களை வேகமாக ஓட்டக் கூகுள் ஒரு வழியையும் மொசில்லா வேறொரு வழியையும் வைத்திருந்தன. 2015-இல் கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய நான்கும் ஒரே வடிவத்துக்கு ஒப்புக்கொண்டன. 2017-இல் நான்கு உலாவிகளிலும் அது வந்துவிட்டது. ஃபிளாஷுக்கும் சில்வர்லைட்டுக்கும் இப்படியொரு பேச்சு நடக்கவே இல்லை.

ஆகவே இன்றைய ஈஃபைலிங்கை நான் நம்பிக்கையோடு பரிந்துரைக்கிறேன். படிவம் கொடுக்க இடைத்தரகரிடம் கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இப்போது எவருக்கும் இல்லை. உலாவியை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளுங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். நிரப்பப்பட்டு வந்திருக்கும் தொகைகளைக் கையிலிருக்கும் சான்றிதழ்களோடு ஒப்பிட்ட பிறகே சமர்ப்பியுங்கள். 2021-இல் நிறுவிய தனி உலாவி வீட்டிலோ கடையிலோ உள்ள பழைய கணினியில் இன்னும் இருந்தால், அதற்குள் இருக்கும் ஃபிளாஷுக்கு இனி எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் வராது என்பதால், அதை நீக்கிவிடுங்கள்.